மேசைக்குக் கீழே அரை மணி நேரம்

வெள்ளவத்தை காலி வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பதினாறு வருடம் வேலை செய்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள், "மிஸ், உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்புவது எப்படி என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அது படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. படிவத்தில் இல்லாததைத்தான் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

அதற்கு முன் நான் ஒரு கப்பல் கொம்பனியில் டைப்பிஸ்ட். கொம்பனியை மூடிவிட்டார்கள். மருத்துவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது காய்ச்சலுக்குப் போடும் குளிசை வரைதான். ஆனால் என் மேசையில் 'கவுன்சிலர்' என்று பலகை வைத்தார்கள். இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்பதுதான் தகுதி.

முதல் நாள் வந்த குடும்பத்தில் ஐந்து பேர். அப்பா, அம்மா, பெரியப்பா, ரியூஷன் மாஸ்டர், நடுவில் ஒரு பையன். இது போதாதென்று அம்மாவின் கையிலிருந்த போனில் லண்டன் சித்தி.

"ஆர் படிக்கப் போறது?" என்று கேட்டேன்.

நால்வரும் பையனைப் பார்த்தார்கள். பையன் நிலத்தைப் பார்த்தான். போனில் இருந்த சித்திதான் பதில் சொன்னார்.

அவர்கள் போன பிறகு முதலாளி குகன் சேர் எனக்குத் தொழில் சொல்லித் தந்தார். "மிஸ், பிள்ளையின்ர முகத்தைப் பாத்து மினக்கெடாதேங்கோ. ஃபைலை ஆர் மடியில வச்சிருக்கினம் எண்டு பாருங்கோ. அவைதான் டொக்டராகப் போறவை."

சேரிடம் பல குறைகள் இருந்தன. ஆனால் இந்த விஷயத்தில் அவர் பிழைவிட்டு நான் பார்த்ததில்லை.

வெளியாருக்கு ஒரு விளக்கம். எங்கள் நாட்டு அரச மருத்துவ பீடங்களுக்கு இன்டர்வியூ கிடையாது. பள்ளிப் படிப்பின் கடைசியில் வரும் ஏ.எல். பரீட்சை, அதன் புள்ளியிலிருந்து கணக்கிடும் இஸட் ஸ்கோர், மாவட்ட வெட்டுப்புள்ளி, அவ்வளவுதான். வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டவர்கள்தான் எங்கள் படியேறி வருவார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகள் சில, பிள்ளையை வீடியோவில் பார்த்து, கேள்வி கேட்டுத்தான் எடுக்கும். அந்தக் கேள்விகளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது என் வேலை.

2. மாமா மயங்கி விழுந்த கதை

எல்லாக் கல்லூரியும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஏன் டொக்டராக வர விரும்புகிறீர்கள்?

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் உண்மையான பதில், "அம்மா சொன்னவ." அதை இங்கிலீஷில் எழுதினால் இரண்டு சொல்தான் வரும். ஆகவே நான் கதை எழுதத் தொடங்கினேன்.

தெஹிவளையில் ஒரு கல்யாண மண்டபம். மாமா மயங்கி விழுகிறார். எல்லோரும் கத்துகிறார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு டொக்டர் கழுவாத கையோடு ஓடிவந்து மாமாவைக் காப்பாற்றுகிறார். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, நானும் இப்படி ஆகவேண்டும் என்று முடிவெடுக்கிறது.

அந்தக் கழுவாத கையில் எனக்குப் பெரிய பெருமை. முதல் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகு மாமா நிற்கவே இல்லை, விழுந்துகொண்டே இருந்தார். சில பிள்ளைகளுக்கு அவரைச் சித்தப்பாவாக்கினேன், கல்யாண வீட்டை மஞ்சள் நீராட்டுச் சாமத்தியவீடாக்கினேன். கழுவாத கையை மட்டும் விட மனம் வரவில்லை.

ஒன்பதாவது பிள்ளை, நேபாளத்தில் ஒரு கல்லூரிக்கு இதை ஒப்புவித்தபோது, திரையில் மூவருக்கு நடுவில் இருந்த பெண் பேராசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த டொக்டர் இன்னுமா கை கழுவவில்லை?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனி எழுதிக்கொடுத்த கதை ஒன்று வந்தாலும் உங்கள் ஏஜென்சியிலிருந்து யாரையும் எடுக்க மாட்டோம். குகன் சேர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"மிஸ், அந்த மாமாவை இனி எழுப்ப வேண்டாம். அவர் படுக்கட்டும்."

3. வெள்ளிக்கிழமை பதினொன்றரை

அதே கல்லூரியில்தான் அடுத்த வருடம் கட்டணச் சலுகையோடு ஓர் இடம் வந்தது. ஒரே ஓர் இடம். அதற்கு நாங்கள் அனுப்பியது ஜிந்துப்பிட்டி நிரோஷாவை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஒப்பரேட்டர். நிரோஷா மூன்று தடவை ஏ.எல். எழுதி, மூன்றாம் தடவையும் வெட்டுப்புள்ளியைத் தொட்டும் தொடாமலும் வந்து நின்றவள். இரண்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலை. இந்த இடம் கிடைத்தால் டொக்டர். கிடைக்காவிட்டால் நம்பர்தான். முழுக் கட்டணம் கட்டும் வசதி அந்த வீட்டில் இல்லை.

கவனித்தேன், ஃபைல் அவள் மடியில்தான் இருந்தது.

"உமக்கு ஏதாவது சம்பவம் இருக்கே? டிஸ்பென்சரியில, வீட்டில, மனசில நிக்கிற மாதிரி?" என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மாவை ஒருமுறை பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மிஸ்."

பழக்க தோஷம் யாரை விட்டது. மாமாவைத் தொடவில்லை. பஸ்ஸில் மயங்கி விழும் ஓர் அன்ரியை எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸில் கை கழுவும் பிரச்சினையே வராது.

இன்டர்வியூ வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு என்று கல்லூரி அறிவித்தது. நிரோஷாவின் அம்மா புஷ்பம் அன்றைக்கே படியேறி வந்துவிட்டார்.

"மிஸ், வெள்ளிக்கெழம பத்தர பன்னெண்டு ராகுகாலம். அந்த நேரத்துல புள்ள வாயத் தொறந்தா காரியம் கெட்டுரும். வேற நேரம் கேளுங்க."

கேட்டேன். இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர்களுக்கு வேறு நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

என் மூளையைப் பாவித்தேன். "அம்மா, நேபாளம் எங்களைவிடக் கால் மணித்தியாலம் முன்னுக்கு. அங்க பன்னிரண்டு அடிக்கேக்க இங்க பதினொண்டே முக்கால்தான். அவையின்ர கணக்கில ராகுகாலம் வெள்ளனவே முடிஞ்சிடும்."

"புள்ள நேபாளத்துலயா உக்காந்திருக்கு? இங்கதானே உக்காந்திருக்கு. புள்ளைக்குத்தானே ராகுகாலம்."

நேபாள நேரத்தை அதோடு கைவிட்டேன்.

கூட வந்திருந்த அப்பா மெல்லச் சொன்னார், "ஏதாச்சும் பண்ணுங்க மிஸ். இல்லாட்டி இவ கதவ மறிச்சிக்கிட்டு நிப்பா."

யோசித்து ஒரு வழி சொன்னேன். நேரத்துக்கு வீடியோ போடுவோம். ஆனால் சத்தம் போய்வரும் வயரைக் கழற்றிவிடுவேன். பன்னிரண்டு மணி வரை நான் திருத்துவதுபோல் நடிப்பேன். இலங்கையில் லைன் கோளாறு என்றால் உலகத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புஷ்பம் யோசித்தார். "பேச்சு பன்னெண்டுக்குப் பெறகுன்னா சரி."

நிரோஷாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் அதே பேராசிரியர். அப்பாவும் அம்மாவும் கமராவுக்குத் தெரியாத மூலையில், திரை தெரியாதபடி இருந்தார்கள். நான் காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி, கையை விரித்துவிட்டு மேசைக்குக் கீழே போனேன். கொம்பியூட்டர் பெட்டி அங்கேதான் இருந்தது. மேசை சின்னது. நான் அப்படியில்லை. பாதி உடம்புதான் உள்ளே போனது.

கீழே தூசி, மூடியில்லாத பேனை ஒன்று, யாரோ ஒரு பிள்ளையின் பாஸ்போர்ட் போட்டோ. நிமிர்ந்தால் நிரோஷாவின் கால்கள். இரண்டும் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. வயரைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே கீபோர்ட் சத்தம் கேட்டது.

"என்னா அடிக்கிற?" புஷ்பத்தின் குரல்.

"பேரு, அட்ரஸ் கேக்குறாங்கம்மா."

"எழுதுறது பரவாயில்ல. வாயத் தொறக்காத."

கீபோர்ட் சத்தம் நிற்கவில்லை. பெரிய அட்ரஸாக இருக்கிறதே என்று நினைத்தேன். நடுவில் ஒருமுறை நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு படபடவென்று விடாமல் அடித்தாள். அப்போதுதான் கவனித்தேன், கால்கள் ஆடுவதை நிறுத்தியிருந்தன.

பன்னிரண்டு தாண்டி இரண்டு நிமிடம் ஆனதும், "ம், இப்ப போடுங்க மிஸ்" என்றார் புஷ்பம்.

வயரைச் செருகினேன். எழும்பும்போது தலை மேசையில் அடிபட்டது. பேராசிரியரின் குரல் இங்கிலீஷில் அறை முழுக்கக் கேட்டது. "நன்றி நிரோஷா. எங்களுக்குக் கேட்க வேண்டியது எல்லாம் கேட்டாயிற்று. மேசைக்குக் கீழே இருக்கும் அம்மையாரும் இனி வெளியே வரலாம். அரை மணி நேரமாக அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

திரையில் முகங்கள் மறைந்தன.

"என்னா சொல்றாங்க?" என்றார் புஷ்பம்.

"முடிஞ்சிச்சாம், அம்மா."

"ரெண்டு நிமிசத்துலயா? பாத்தீங்களா மிஸ், நேரம் பாத்து செஞ்சா இப்பிடித்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன். என் விளையாட்டைக் கண்டுபிடித்துப் பிள்ளையைக் கழித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவளுக்கு இருந்த ஒரே இடம். அதை நான் மேசைக்குக் கீழே இருந்து கெடுத்துவிட்டேன்.

4. திரையில் மிச்சமிருந்தது

அவர்கள் படியிறங்கிய பிறகு கொம்பியூட்டரை மூடப் போனேன். வீடியோவுக்குப் பக்கத்தில் எழுதிக் கதைக்கும் பகுதி திறந்தபடி இருந்தது. வாசித்தது தவறுதான். ஆனாலும் வாசித்தேன்.

'சத்தம் வரவில்லை. எழுத்தில் நடத்தலாமா?' என்று பேராசிரியர் கேட்டிருந்தார்.

'ஓம். எனக்கு அதுதான் நல்லது' என்று நிரோஷா எழுதியிருந்தாள்.

உயிரியலில் சில கேள்விகள், சரியான பதில்கள். பிறகு அந்தக் கேள்வி வந்திருந்தது. ஏன் டொக்டராக வர விரும்புகிறீர்கள்? பஸ்ஸில் விழுந்த அன்ரியைத் தேடினேன். அவரைக் காணவில்லை. நிரோஷா இங்கிலீஷில் எழுதியிருந்ததன் சாரம் இது:

'எங்கள் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகள் தமிழில் சொல்வதை நான்தான் சிங்களத்தில் சொல்வேன். ஒருவர் வயிற்று வலி என்றும், மலத்தோடு இரத்தம் போகிறது என்றும் சொன்னார். எனக்கு அதை டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வயிற்று வலி என்று மட்டும் சொன்னேன். டொக்டர் அதற்கு மருந்து கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பெரிய ஒபரேஷன் செய்தார்கள். இப்போது சுகம். ஆனால் முன்போல் மூட்டை தூக்க முடியாது. நான் சொல்லாமல் விட்டது யாருக்கும் தெரியாது. இனி நான் நடுவில் நிற்க விரும்பவில்லை. நானே கேட்க வேண்டும். பிழை வந்தால் அது என் பெயரில் வர வேண்டும்.'

இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. என்னிடம் கொடுத்திருந்தால் திருத்தியிருப்பேன். கூடவே பந்தியையும் டொக்டரையும் சேர்த்து நாசமாக்கியிருப்பேன்.

பேராசிரியர் கேட்டிருந்தார்: 'அந்த நோயாளியிடம் சொன்னீர்களா?'

'இல்லை. அவர் எங்கள் லேனில்தான் இருக்கிறார். அம்மா இந்த அறையில்தான் இருக்கிறார். வாயால் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.'

அதன் கீழே பேராசிரியரின் கடைசி வரி: 'இங்கே வருவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.'

அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. இங்கே வருவதற்கு முன். கடிதம் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாரும் இல்லாத ஒஃபிஸில் தனியே இருந்து அழுதேன்.

பயணத்துக்கு முந்தின நாள் நிரோஷா போன் எடுத்தாள். "சொல்லிட்டேன் மிஸ்."

எதை என்று நான் கேட்கவில்லை. திரையில் இருந்ததை நான் வாசித்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "என்ன சொன்னார்?"

"மொதல்ல உள்ள வந்து உக்காரச் சொன்னாரு. பெறகு, 'எனக்கே டொக்டர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு, அதான் ஒங்கிட்ட சொன்னேன். ஒனக்கு மட்டும் வெக்கம் இருக்காதா'ன்னாரு. அவரு வைஃப் பிளேன்டீ ஊத்திக் குடுத்தாங்க. குடிக்க முடியல்ல மிஸ்."

இனி என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. அம்மாவைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு கேட்டால் அது வராது. அப்படிக் கேட்டவள் நான்தான். "ஒண்ணும் இல்ல" என்று சொன்னதும் நம்பிவிட்டு, என் கதையை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். பதினாறு வருடத்தில் நான் ஒரு பிள்ளைக்குச் செய்த பெரிய உதவி, அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு அவள் கண்ணில் படாமல் இருந்தது. கேள்வியைக் கேளுங்கள், பெற்றோரை வெளியே அனுப்புங்கள், பிறகு நீங்களும் எங்காவது போய்விடுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் புஷ்பம் மறுபடி படியேறி வந்தார், தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு. நிரோஷா அப்போது அங்கே கடைசி வருடம்.

"மிஸ், இவளுக்கும் வெள்ளிக்கெழம பதினொண்ணரைக்குத்தான் குடுத்திருக்காங்க. அன்னைக்கு மாதிரியே பன்னெண்டு ரெண்டுக்கு வச்சிருங்க. ராசியான நேரம்."

அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஃபைல் அவள் மடியில் இருந்தது. புஷ்பம் காணாதபடி என்னைப் பார்த்து ஒரு கணம் சிரித்தாள். நிரோஷா அக்கா எல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறாள்.

"ஓம் அம்மா, அப்பிடியே செய்வம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வயரைக் கழற்றிக்கொண்டு மேசைக்குக் கீழே போனேன். முழங்கால்தான் முன்னைப்போல் இல்லை.