கர்சீப் போட்ட சீட்

உக்கடத்தில் நான் பொள்ளாச்சி பஸ் ஏறியபோது, ஜன்னலோரம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மடியில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். அந்த மூணு பேர் சீட்டின் மறு ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த காலி இடத்தில் அவருடைய கர்சீப் கிடந்தது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் அதைப் பார்த்தாள்.

"கிணத்துக்கடவுல ஆள் ஏறுதுங்க அம்மணி" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ரட்சிப்புங்கறது அற்புதமுங்க. நாம சம்பாதிக்கறதில்லீங்க. ஆண்டவர் தகுதி பாக்காம சும்மா குடுக்கறதுங்க."

அவள் நின்றுகொண்டே வந்தாள். நானும் எழுந்திருக்கவில்லை, ரட்சிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிணத்துக்கடவில் ஏறவேண்டிய ஆள் ஏறவில்லை. அவர் கர்சீப்பை எடுத்தார். "உக்காருங்க அம்மணி. பாத்தீங்களா, இதுதானுங்க கிருபை!"

"இருக்கட்டுங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறனுங்க."

இறங்கியவளுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கர்சீப்பை உதறி அதே சீட்டில் மறுபடி விரித்தார். யாருக்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.