குழாய் ஓரத்து மண்

நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. பார்த்தது இந்தக் கண்கள்.

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு சின்ன மண் அணை. போன கோடையில், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. அங்கே நான் இளநிலைப் பொறியாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா திமிசு போடுகிறவள். கனமான கட்டையைத் தூக்கித் தூக்கி மண்ணைக் குத்தி இறுக்குகிற வேலை. இந்த அணையில் அவளுக்கு வேலை இல்லை, எல்லாம் ரோலர்தான். ஆனால் தண்ணீரை வெளியே விடும் குழாயின் ஓரத்தில் ரோலர் நுழையாது. அங்கே கையால்தான் குத்த வேண்டும். குத்தியாச்சு என்று கான்ட்ராக்டர் சத்தியம் செய்தான்.

அன்று விடாத மழை. அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்து வீட்டு அக்காவைக் காவல் வைத்துவிட்டு, என் மேலதிகாரியோடு அணைக்குப் போனேன். தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே. உடைந்தால் முதலில் போவது எங்கள் தெரு.

மாலை நாலே கால்.

தொம்... தொம்...

"இடிம்மா," என்றார் சார்.

"இடி தாளம் போடுமா சார்?"

சத்தம் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

சரிவில் இறங்கிப் பார்த்தோம். குழாய் ஓரம் ஒரு பெண், முதுகு காட்டி நின்று திமிசு போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டுகிற மழையில் அவள் தலைமுடி நனையவில்லை. சேற்றில் நின்ற கால்களில் சேறு இல்லை...

திரும்பினாள்.

அம்மா.

"பாப்பா... இந்தப் பக்கம் முடிச்சிட்டேன். அந்தப் பக்கம்தான் பொதபொதன்னு கெடக்கு."

சார் என்னைப் பார்த்தார். "என்னம்மா, பாப்பாங்குது? உங்க வீட்டு ஆளா?"

குரலில் ஒரு சிரிப்பு. அம்மா டீச்சர் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"தெரியாது சார். யாரோ கூலிக்காரி."

பேய் என்று பயந்து சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சொன்னேன்.

சத்தம் நின்றது.

அவள் பார்த்தாள்.

பிறகு அங்கே மழை மட்டும்...

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கட்டிலில் அசையாமல் கிடந்தாள். அக்காவின் முகம் வெளிறியிருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? மத்தியானத்துலேருந்து தூக்கத்துலயே ரெண்டு கையையும் தூக்கித் தூக்கிக் குத்துறாங்க. புடிச்சாலும் நிக்கல. இப்பதான், நாலரை இருக்கும்... பொத்துன்னு கை விழுந்துடுச்சு."

இரவு மழை விட்டது. அணை பிழைத்தது.

தண்ணீர் வடிந்ததும் குழாய் ஓரம் தோண்டினோம். ஒரு பக்கம் மண் பாறையாய் இறுகியிருந்தது. கடப்பாறை தெறித்தது. மறுபக்கம் விரலை வைத்தாலே உள்ளே போனது. கான்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், பொய் சொல்லிட்டேன். நாங்க ஒரு பக்கங்கூடக் குத்தல சார்."

அம்மாவும் பிழைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்காவைத் தெரிகிறது. கடைக்காரரைத் தெரிகிறது. தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்னைத் தவிர.

மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் என் முகத்தை உற்றுப் பார்த்து, மரியாதையாகக் கேட்கிறாள்.

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க. உங்க அம்மா என்னம்மா வேலை பாக்குறாங்க?"