அசையாத எண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்த, குண்டைத் தட்டி ஆடும் பழைய பின்பால் விளையாட்டு மெஷினைச் சரிசெய்ய ராஜபாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர். கருகல் வாடை வருகிறதா என்று ஒவ்வொரு வயரையும் முகர்ந்து பார்ப்பார். அறுந்திருந்ததைப் பற்றவைத்துவிட்டு, புள்ளி காட்டும் சக்கரங்களைத் தொட்டார்.

"அக்கா, புதுசா ஆட்டம் ஆரம்பிச்சா இந்த நம்பரு பூச்சியமாயிரும்."

"அது எங்க அண்ணன் கடைசியா ஆடுனது."

"அவிய எங்க இருக்காவ?"

நான் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அவர் மறுபடி குனிந்து, சக்கரங்களுக்குப் போகும் வயரை மட்டும் கழற்றி, டேப் சுற்றினார்.

"நல்லா ஆடியிருக்காவ" என்றார்.

இப்போது ஆடினால் பல்புகள் எரிகின்றன, மணி அடிக்கிறது, எண் மட்டும் அசைவதில்லை. அண்ணன் படுமோசமாக ஆடுவான். அது அத்தனை சின்ன எண். அது மெக்கானிக்குக்கும் தெரிந்துதான் இருக்கும்.