நட்சத்திரம் இல்லாத மூன்று வரிகள்

எண்பதுகளில் நான் இலங்கை மலைநாட்டு மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்துக் கிளார்க். சனிக்கிழமைகளில் பதுளைக்குப் போய் கம்ப்யூட்டர் புரோகிராம் பழகினேன். அங்கே ஒரு வாரக் கொழுந்துப் பதிவை வைத்து ஆளுக்கொரு வரைபடம் போட்டேன்: நாளுக்கு ஒரு வரி, கிலோவுக்கு ஒரு நட்சத்திரம். வேலைக்கு வராத நாளுக்கும் பூஜ்யம் கொடுத்துவிட்டேன். சராசரி விழுந்து, கைவேகக்காரி செல்லம்மா கடைசி இடத்துக்குப் போனார். தாள்களை, காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒட்டினார்கள்.

செல்லம்மா தன் தாளில் வெறுமையாய்க் கிடந்த இடத்தைத் தொட்டார். "இது என்னங்கையா?"

"நீங்க வராத மூணு நாளு."

"புள்ளைய அடக்கம் பண்ணுன நாளுங்க" என்றவர், கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்த மூன்று நாட்களையும் நீக்கினேன். சராசரி ஏறியது. வரிகள் நெருங்கி ஒட்டிக்கொண்டன.

கணக்கு சரியாகிவிட்டது. ஒரு பிள்ளை செத்ததற்கு அந்தத் தாளில் இப்போது இடைவெளிகூட இல்லை.