புளிப்புக்குக் கிடைத்த மன்னிப்பு

ரங்கூனில் வெற்றிலைச் சாறு படாத சுவர் கிடையாது. அந்த ஊரில், துப்பினேன் என்று நிரூபித்துக் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலை எனக்கு மட்டும்தான் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அலோன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சீமைச் சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலில் வந்த ஒயின் வழியில் வெயில் பட்டுக் கெட்டிருக்கிறதா என்று ருசி பார்ப்பதும் என் வேலை. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து கிடங்கை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு நாக்கு செத்துவிட்டது. ஒரு வாய் எடுத்து, சுழற்றி, மரத்தூள் பெட்டியில் துப்ப வேண்டும். ஒழுங்காகத் துப்பினேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் சேரும்போதே மதுவைத் தொடமாட்டேன் என்று பீடத்தின் முன் சத்தியம் செய்தாக வேண்டும். திருவிருந்துக்குக்கூட உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்த சாறுதான். அது சர்க்கரைப் பாகாக இனிக்கும்.

லான்மடாவில் குடியிருந்த சபை மூப்பரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். பாட்டுக்குழுவில் அவளைப் பார்த்த நாளிலிருந்து வேறு பெண்ணை நினைத்ததில்லை. என் வேலை விவரம் மூப்பர் காதுக்கு எட்டியதும் பேச்சு நின்றது.

"உள்ள எறக்குறது இல்லீங்கய்யா. துப்பிருவேன்" என்றேன்.

துப்பினாலும் சத்தியத்தை மீறியதாகுமா என்று மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். வேதத்தில் துப்புவதைப் பற்றி உண்டு, ஒயினைத் துப்புவதைப் பற்றி இல்லை. கடைசியில் பெண்ணின் அப்பாவும் இன்னும் இரண்டு மூப்பர்களுமாகக் கிடங்குக்கே சோதிக்க வந்தார்கள்.

அன்று திறந்திருந்தது ஷார்டனே என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின். குளிர்ந்த கடலோரத்தில் விளைந்தது என்று துரை சொல்லியிருந்தார். எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. முதலில் எலுமிச்சைத் தோலின் கூர்மை, பிறகு சரியாகப் பழுக்காத ஆப்பிள், துப்பிய பின்னும் உதட்டில் நிற்கும் லேசான உப்பு. ரங்கூன் புழுக்கத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கடல்காற்று அதுதான்.

தேநீர்க் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தேன். சோதனை என்பதால் அவர்களுடைய சத்தியம் குறுக்கே வரவில்லை. மரத்தூள் பெட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். ஒருவரும் துப்பவில்லை. அடுத்தவர் இடத்தில் துப்புவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம்.

திருவிருந்துச் சாற்றின் இனிப்பை எதிர்பார்த்த மூன்று முகங்களும் சுளித்தன.

"கப்பல்ல உப்புத்தண்ணி பூந்திருச்சு" என்றார் ஒருவர்.

"இல்லீங்கய்யா, இதோட கொணமே இதுதான்."

பெண்ணின் அப்பா கோப்பையைப் பாதியில் வைத்தார். "இதுல என்ன சொகம் இருக்கு? மனுசன் ஆசப்பட்டுக் குடிக்கிற வஸ்துவா இது? வயித்துப்பாட்டுக்காகப் புள்ள சகிச்சுக்கிட்டிருக்கு."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். சுகம் இல்லாத இடத்தில் பாவமும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் அங்கிருந்த ஒரே பாவி துப்பியவன்தான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அதையும் புளிப்பின் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வாசல்வரை போன பெண்ணின் அப்பா திரும்பி வந்தார்.

"தொரகிட்ட நானே பேசுறேன் தம்பி. வேலைய பிஸ்கட் சரக்குப் பக்கம் மாத்திக்க. புடிக்காதத விடுறதுல ஒனக்கு என்ன கஷ்டம்?"

பிடிக்கும் என்றால் பெண் இல்லை.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க மாமா" என்றேன்.

அவர்கள் தெருவில் இறங்கும்வரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, மாமா மிச்சம் வைத்த கோப்பையை எடுத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக விழுங்கினேன்.