மொனராகலை வெயிலில் அண்ணி ஓடிய பத்துக் கிலோமீட்டர்

போன ஆகஸ்டில் நானும் என் அண்ணி ஜெயந்தியும் அப்புத்தளையிலிருந்து மொனராகலைக்குப் போய் வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே நடந்த பத்துக் கிலோமீட்டர் வீதி ஓட்டத்தில் அண்ணி ஓடினார். முந்தைய வருடம் அதே ஓட்டத்தில் பாதி வழியில் மயங்கி விழுந்தவர் அவர். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு எதுக்கு ஓட்டம்?" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் அன்று தொடங்கிய பேச்சு ஒரு வருடமாக ஓயவில்லை. இந்த முறையும் விழுந்தால் இனி ஓடுவதில்லை என்று அண்ணி என் அண்ணனிடம் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். விடியற்காலைக் குளிரில் மலை ஏற்றத்தில் ஓடிப் பழகியவர், தட்டையான வீதியில் ஏன் விழுந்தார்? அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று. "ஒரு தேத்தண்ணி" என்றார் அண்ணி. முந்தின நாள்? "ரெண்டு தேத்தண்ணி." டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஆச்சரியமே இல்லை. கொழுந்து எடுக்கும் மலையில் கழிப்பறை கிடையாது. கொழுந்து நிறுத்து முடியும் வரை பெண்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, குளிரில் தாகமும் அவ்வளவாகத் தெரியாது. அதே பழக்கத்தோடு வெயிலில் ஓடினால் உடம்பு வியர்ப்பதற்குத் தண்ணீருக்கு எங்கே போகும்?

அடுத்த தடவை ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே போய் வெயிலுக்குப் பழகச் சொன்னார் டாக்டர். நல்ல யோசனைதான். ஆனால் அத்தனை நாள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

காலை ஏழரைக்கு பஸ் ஏறினோம். பெரகல, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வரை கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், முழுக்க இறக்கம். அங்கே பஸ் மாறி இன்னொரு நாற்பது. இருவருக்கும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இடது பக்கம் உட்கார்ந்தால் தியலும நீர்வீழ்ச்சி நன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்லி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணியின் கையில் திறக்காமல் இருந்த போத்தல்தான்.

"குடிங்க அண்ணி."

"பஸ்ல ஏறிட்டு யாரு புள்ள தண்ணி குடிப்பா?"

வெல்லவாய பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறையைக் கண்டுபிடித்தேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தாழ்ப்பாள் இருக்கு, குழாயில தண்ணி வருது, இப்ப குடிக்கிறீங்களா?" என்றேன். அண்ணி சிரித்துவிட்டு அரைப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தார். அன்று முழுவதும் இதுதான் என் உத்தியோகம். போகிற இடத்திலெல்லாம் முதலில் கழிப்பறை, பிறகு தண்ணீர்.

மொனராகலையில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் கடைக்காரரின் கடைக்கு மேலிருந்த அறையில் தங்கினோம். எங்களைப் பார்த்ததும் அவர், "மேலருந்து வாறீங்களா? அந்த ஸ்வெட்டர மொதல்ல கழட்டுங்க, பாக்கவே எனக்கு வேர்க்குது" என்றார். நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள். கொண்டு போயிருந்த உப்புக் கரைசல் பொடிப் பாக்கெட்டை அண்ணிக்குக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், பிரமுகர் ஒருவர் வரத் தாமதமானதால் எட்டரைக்குத்தான் தொடங்கியது. மாலையும் கழுத்துமாக அவர் வந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன், சத்தமாகவே. ஊரில் செய்வது போல உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்த அண்ணியை இழுத்து வந்து மரநிழலில் நிறுத்தினேன். குளிரில்தான் அது வேண்டும், இங்கே உடம்பு ஏற்கெனவே சூடு.

ஐந்து கிலோமீட்டர் சுற்று, இரண்டு தடவை. முதல் சுற்றில் அண்ணி வேண்டுமென்றே மெதுவாக ஓடினார், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர்தான். பக்கத்தில் யாரோ இளக்காரமாகச் சிரித்தார்கள். திருப்பத்தில் போத்தலை நீட்டினேன். பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனக்கு ஒன்னுமில்ல, நீ ஒக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் சுற்றில் முன்னால் பறந்தவர்கள் ஒவ்வொருவராக நடக்கத் தொடங்கினார்கள். அண்ணி நடக்கவில்லை. போன வருடம் விழுந்த இடத்தைத் தாண்டி, மூன்றாவதாக வந்து, தன் காலிலேயே நடந்து என்னிடம் வந்தார். நான் ஊரைக் கூட்டி அழுதேன். என் அண்ணி என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மலைநாட்டிலிருந்து கீழே ஓடப் போகிறவர்களுக்கு: முடிந்தால் சில நாள் முன்னதாகப் போங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். முந்தின நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், உப்பும் சேரட்டும். தலை சுற்றினால், குளிர்வது போல் உடம்பு சிலிர்த்தால், வீம்பு பிடிக்காமல் நின்றுவிடுங்கள். பெண்களே, ஓடும் இடத்தின் கழிப்பறையை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், தோட்டத்தை நடத்தும் துரை அண்ணியைக் கூப்பிட்டார். பதக்கத்தைக் காட்ட நானும் போயிருந்தேன். தோட்டத்துக்கே பெருமை என்றும், ஓடுவதற்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

"சப்பாத்து இருக்குங்க தொரை" என்றார் அண்ணி. "மலையில எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தாங்க."

துரை, பார்க்கலாம் என்றார்.

அண்ணி கூடையைத் தோளில் மாட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்: "எப்பங்க?"