கிட்டங்கியில் கிடந்த நோயாளி

தொழுதவர்கள் எல்லாரும் போய்விட்ட பிறகு, தொழுத இடம் என்னவாகிறது? ஹயாத்து முகம்மது இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. அவரை நல்லவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. புத்தளத்துத் தில்லையடியில் குடியிருந்து, அங்கே உப்பளம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் உப்பு வாரினார். அதற்கு முன் மன்னார்க் கரையில் அவருக்குச் சொந்தமாக, கருவாடு சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது.

எண்பத்தேழின் கடைசியில் இந்தியன் ஆமி வந்தது. பக்கத்தில் முகாம் போட்ட சீக்கியச் சிப்பாய்கள் கிட்டங்கியைக் கேட்டார்கள். கேட்டது மரியாதைக்கு, இல்லையென்று சொல்ல வழியில்லை. வாடை போக மூன்று நாள் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் சீமெந்து மேடை கட்டிக் கொடி ஏற்றினார்கள்.

ஹயாத்து முகம்மது வேலிக்கு இப்பால் நின்று பார்த்தார். உள்ளே மெத்தை, தலையணை, மேலே கட்டிய பட்டுத்துணி. ஒரு சிப்பாய் விசிறிக்கொண்டே இருந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தலை குனிந்துதான் எல்லாரும் உள்ளே போனார்கள். பொழுதுபட்டால் எதையோ போர்த்திப் படுக்கவைத்தார்கள்.

"பெரிய ஆபீசர் ஒருத்தருக்குச் சுகமில்ல போல," என்று வீட்டில் வந்து சொன்னார்.

"அப்ப கஞ்சி கொண்டுபோய்க் குடுங்க. ஆமிக்காரனெண்டாலும் நோயாளிக்கு ரொட்டி இறங்குமா?" என்றார் மனைவி ஹாஜரா.

நாலு நாள் கஞ்சி போனது. சிப்பாய்கள் இரண்டு கையாலும் வாங்கினார்கள். சட்டி, நெய் மணக்கும் கோதுமை அல்வாவோடு திரும்பி வந்தது. ஐந்தாம் நாள், முகாமின் மொழிபெயர்ப்பாளர் சிரித்துச் சிரித்து விளக்கினார்: உள்ளே நோயாளி இல்லை. அது அவர்களுடைய வேதநூல். அதையே குருவாக வைத்திருக்கிறார்கள், இரவில் உறங்கவைக்கிறார்கள்.

"கிதாபுக்கா நான் கஞ்சி காய்ச்சினன்?" ஹாஜராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "இண்டைக்குக் காய்ச்சினதத் தா," என்று சட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

தொண்ணூறின் தொடக்கத்தில் சிப்பாய்கள் அந்த நூலைத் தலையில் சுமந்து வந்து லொறியில் ஏற்றினார்கள். கொடி இறங்கியது, மேடை மட்டும் நின்றது. கிட்டங்கி திரும்பக் கிடைத்தும், அவருடைய கருவாடு வெளியே ஓலைப் பந்தலிலேயே கிடந்தது.

"மழை வருது. உள்ளுக்குப் போடுங்களன்," என்றார் ஹாஜரா.

"பார்ப்பம்."

பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. அந்த ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். ஐந்து வயது மகன் சாஜித்தைத் தூக்கிக்கொண்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். ஹாஜரா அகதி முகாமிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானார். இதையெல்லாம் அவர், மழைக்கு உப்பு கரைந்த கதையைச் சொல்லும் அதே குரலில்தான் சொல்வார்.

யுத்தம் முடிந்து நாலாம் வருடம், விட்டுவந்த காணியைத் திரும்பக் கேட்டு, மகனோடு மன்னார்க் காணிக் கந்தோருக்குப் போனார். சாஜித்தும் அதே உப்பளத்தில்தான் கூலி. காணி கிடைத்தால் ஊருக்குத் திரும்பலாம், சொந்தமாகத் தொழில் செய்யலாம். வேறு வழி அவனுக்கு இருக்கவில்லை. ஆனால் மேடையைப் பார்த்த அயலவர்கள், அங்கே ஏதோ கோயில் இருந்ததென்று சொல்லியிருந்தார்கள். அதனால் படிவத்தில் ஒரு கேள்வி: இந்தக் காணி வணக்கத்தலமாக இருந்ததா? இருந்தது என்றால் காணி அரசாங்கத்திடமே நின்றுவிடும்.

"இல்லையெண்டு எழுதுங்க நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார், கதையெல்லாம் கேட்ட அலுவலர் யோசேப்பு. "அந்தச் சீக்கிய சிங்மார் வந்து வழக்கா போடப் போறாங்க?"

"கருவாட்டுக் கிட்டங்கிதானே வாப்பா அது? பொய்யில்லயே," என்றான் சாஜித்.

ஹயாத்து முகம்மது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேனையை வாங்கி, 'இருந்தது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

யோசேப்பு படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். "நானா, வேற படிவம் தாரன்."

"வேணாம்."

புத்தளம் வரும்வரை பஸ்ஸில் சாஜித் ஏனென்று கேட்டுக்கொண்டே வந்தான். பிறகும் பல வருடம் கேட்டான். அவர், பஸ்ஸில் வந்து இறங்கிய மறுநாளே, விடிய எழும்பி உப்பளத்துக்குப் போனார்.